முதலில் தோட்டம், பிறகு கோப்பை: நாசிக் ஒயின் ஆலைகள்

நாசிக்கில் ஒயின் ஆலைக்குப் போகிறவர்களில் பலரும் வண்டியை நிறுத்தியதும் நேராக டேஸ்டிங் ரூமுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். நாலைந்து கோப்பை, கொஞ்சம் படங்கள், கையில் ஒரு பாட்டில், அத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். வழியெல்லாம் வரிசை கட்டி நிற்கும் கொடிகளை யாரும் நின்று பார்ப்பதில்லை. இந்த அத்தியாயம் அந்த வரிசையை மாற்றிப் போடச் சொல்கிறது. முதலில் தோட்டம், அடுத்து ஆலை, கடைசியில்தான் கோப்பை.

ஒயின் ஒரு விளைபொருள். நெல்லுக்கும் வாழைக்கும் இருப்பதுபோல அதற்கும் மண், மழை, நோய், அறுவடைக் கணக்கு எல்லாம் உண்டு. எந்த வாரம் பறித்தார்கள், அன்று இரவு எவ்வளவு குளிர்ந்தது, தோலோடு ஊற விட்டார்களா இல்லையா என்பதெல்லாம் கடைசியில் நாக்கில் வந்து நிற்கும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கோப்பையை எடுத்தால், பிடித்தது ஏன் பிடித்தது, பிடிக்காதது ஏன் பிடிக்கவில்லை என்று சொல்ல வரும். அது தெரிந்துவிட்டால் அடுத்த முறை கடையில் பாட்டில் எடுக்கும்போது விலையையும் லேபிளின் அழகையும் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்காது.

நாசிக் ஏன்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது நாசிக். குளிர்காலத்தில் பகலில் நல்ல வெயில் அடிக்கும், இரவில் 10 டிகிரி வரைகூட இறங்கும். வெயிலில் பழத்தில் சர்க்கரை ஏறுகிறது, இரவுக் குளிரில் புளிப்பு கரையாமல் தங்குகிறது. இந்த இரண்டும் ஒரே பழத்தில் இருந்தால்தான் ஒயின் தேறும். சர்க்கரை மட்டும் ஏறிப் புளிப்பு போய்விட்டால் குடிக்கும்போது சப்பென்று இருக்கும்.

ஒயின் வருவதற்கு முன்பே இது திராட்சை மாவட்டம்தான். விதையில்லாத தாம்சன் திராட்சையைப் பயிரிட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த விவசாயிகளின் ஊர். அமெரிக்காவில் படித்து, ஆரக்கிள் நிறுவனத்தில் வேலை பார்த்த ராஜீவ் சாமந்த் ஊர் திரும்பி, குடும்ப நிலத்தில் 1997-ல் சோவினியோன் பிளாங், செனின் பிளாங் என்ற இரண்டு வெள்ளை ரகங்களை நட்டார். 2000-ல் முதல் பாட்டில்கள் வெளிவந்தன. அம்மா சுலபாவின் பெயரிலிருந்து எடுத்து ‘சுலா’ என்று பெயர் வைத்தார். 2001-ல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து வரிச் சலுகை கொடுத்ததும், சுற்றுவட்டாரத்தில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பார்வையாளர்கள் உட்கார்ந்து சுவைத்துப் பார்க்க சுலா 2005-ல் ஒரு டேஸ்டிங் ரூம் திறந்தது. ஆலைக்கு ஆள் வந்து பார்க்கும் பழக்கம் இந்த ஊரில் வேர்விட்டது அதற்குப் பிறகுதான்.

எப்போது போகலாம்

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரங்கள் வரை. இதற்கு மாற்று யோசனை என்னிடம் இல்லை.

ஐரோப்பாவில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை திராட்சை பறிப்பார்கள். நாசிக்கில் அந்த மாதங்கள் மழைக்காலம். பழம் தொங்கும் நேரத்தில் மழை பெய்தால் அடிச்சாம்பல் நோயும் அழுகலும் வந்து குலை குலையாகப் போய்விடும். அதனால் இங்கே ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். ஏப்ரல் வாக்கில் ஒருமுறை வெட்டிக் கொடியைத் தழைக்க விடுவார்கள். மழை ஓய்கிற செப்டம்பர், அக்டோபரில் மறுபடி வெட்டுவார்கள். அந்த இரண்டாவது கவாத்துக்குப் பின் வரும் தளிரில்தான் பூவும் பிஞ்சும் பிடிக்கும். குளிர்காலம் முழுக்க வளர்ந்து ஜனவரி முதல் பறிப்புக்கு வரும். வெள்ளை ரகங்கள் முதலிலும் சிவப்பு ரகங்கள் பின்னாலும் வரும். பிப்ரவரியில் போனால் இரண்டையும் பார்க்கலாம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை போனால் மலையும் அணையும் பச்சைப் பசேலென்று கண்ணுக்கு விருந்தாக இருக்கும். ஆனால் கொடியில் பழம் இருக்காது, தொட்டிகளில் நொதிப்பு நடக்காது. இயற்கைக் காட்சிக்காக என்றால் போய் வாருங்கள். ஏப்ரல், மே இரண்டையும் விட்டுவிடலாம்.

வாரநாளில் போங்கள். மும்பை 170 கிலோமீட்டர் தூரம்தான் என்பதால் சனி, ஞாயிறில் மும்பைக் கூட்டம் மொத்தமும் இங்கேதான் இருக்கும். ஊற்றிக் கொடுப்பவருக்கு உங்களிடம் இரண்டு வார்த்தை பேசக்கூட நேரம் இருக்காது. செவ்வாய் காலையில் போய் நின்றால் அதே ஆள் அரை மணி நேரம் பொறுமையாகச் சொல்லித் தருவார். சுலாஃபெஸ்ட் என்ற இசை விழா நடக்கும் நாட்களில் இசைக்காகப் போகலாம், ஆலையைப் பார்க்க அந்த நாட்கள் தோதுப்படாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஜனவரி 26 நாடெங்கும் மதுவிலக்கு நாள். நீண்ட விடுமுறை கிடைக்கிறதே என்று குடியரசு தினத்தை ஒட்டிப் பயணம் வைப்பவர்கள் அந்த ஒரு நாளைத் தோட்டம் பார்க்க மட்டும் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். வாக்குப்பதிவையொட்டிய நாட்களிலும் ஊற்ற மாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள்.

எந்த ஆலை

முதன்முறை போகிறவர்களுக்கு கங்காபூர் அணைப் பக்கம் போதும். கோதாவரியைத் தடுத்துக் கட்டிய அந்த நீர்த்தேக்கத்தின் அருகே, நாசிக் நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் சுலா இருக்கிறது. பெரிய ஆலை. நேரம் வைத்து டூர் நடத்துகிறார்கள், உணவகமும் தங்கும் இடமும் உண்டு. எல்லாம் ஒழுங்காக நடக்கும், ஆனால் கூட்டத்தோடு கூட்டமாக நகர வேண்டியிருக்கும். பக்கத்திலேயே யார்க். ஒரு குடும்பம் தொடங்கிய சிறிய ஆலை, 2021-ல் சுலாவின் கைக்கு வந்தது. அதன் மாடியில் உட்கார்ந்தால் எதிரே தண்ணீர் தெரியும். அதே பக்கத்தில் சோமா வைன் வில்லேஜும் இருக்கிறது.

இரண்டாம் முறை போகிறவர்களுக்கு இகத்புரி வழியை நான் சொல்வேன். முகனே அணையைப் பார்த்தபடி நிற்கும் வலோனே சிறிய ஆலை. இப்படிப்பட்ட இடங்களில் ஒயினைத் தயாரிப்பவரே வந்து பேசும் வாய்ப்பு அதிகம். நுரை ஒயினில் ஆர்வம் இருந்தால் திண்டோரி பக்கம் ஷாண்டோன் இருக்கிறது. பிரெஞ்சு நிறுவனத்தின் இந்தியக் கிளை, முழுக்க நுரை ஒயினுக்கென்றே கட்டியது.

ஒரு நாளைக்கு இரண்டு ஆலைக்கு மேல் வேண்டாம். மூன்றாவது இடத்துக்குப் போகும்போது நாக்கு களைத்திருக்கும், எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு பெரிய ஆலை, ஒரு சிறிய ஆலை என்று எடுத்துக்கொண்டால் வித்தியாசம் பளிச்சென்று புலப்படும்.

பெங்களூரு, ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு நாசிக் தூரம் என்றால் நந்தி மலையடிவாரத்தில் தொட்டபள்ளாபுரம் அருகே குரோவர் ஜம்பா இருக்கிறது. கன்வல் குரோவர் தொடங்கியது. போர்தோவைச் சேர்ந்த மிஷேல் ரோலான் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்து செம்மைப்படுத்தியது. இங்கே சொல்லும் முறையெல்லாம் அங்கேயும் பொருந்தும்.

கிளம்பும் முன்

ஆலைகளில் டூருக்கும் டேஸ்டிங்குக்கும் முன்பதிவு செய்துவிடுங்கள். எத்தனை ஒயின் ஊற்றுகிறார்கள், எந்தத் தரத்தில் என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். பதிவு செய்யும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டு வையுங்கள். டூர் கொடிகளுக்குள் போகிறதா, அல்லது கட்டடத்துக்குள் மட்டுமா? இப்போது பறிப்பு நடக்கிறதா? குழந்தைகளை அனுமதிப்பீர்களா? மகாராஷ்டிரத்தில் ஒயினுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இளவயதினர் அடையாள அட்டை இல்லாமல் போய் வாசலில் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

நாசிக் ரோடு ரயில் நிலையம் ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது. அங்கிருந்து ஆலைகள் இன்னும் தூரம். போவதற்கு ஆட்டோவோ டாக்ஸியோ கிடைத்துவிடும், சாயங்காலம் திரும்புவதற்குத்தான் திண்டாட்டம். நாள் முழுக்க ஒரு காரை ஓட்டுநரோடு வாடகைக்குப் பேசிக்கொள்வதே நல்லது. சொந்த வண்டியில் போகிறவர்கள், ஓட்டுபவர் ஒரு மிடறுகூடக் குடிப்பதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரலாம். ஒரு முழு டேஸ்டிங் பலரை அந்த அளவுக்குக் கொண்டுபோய்விடும். மலைச் சாலையில் மற்றவர்கள் உயிரும் இருக்கிறது.

ஷீரடிக்கும் திரியம்பகேஸ்வரத்துக்கும் வரும் தமிழ்க் குடும்பங்கள் பல, போகிற வழிதானே என்று ஆலையையும் அதே நாளில் சேர்த்துவிடுகிறார்கள். தனி நாள் வையுங்கள். கோயிலுக்கும் அவசரம், ஆலைக்கும் அவசரம் என்றால் இரண்டிலும் மனம் நிற்காது. கூட வரும் பெரியவர்களுக்கும் சங்கடம்.

காலையில் எதைச் சாப்பிடுவது என்பது முக்கியம். வெறும் வயிற்றோடு போகவே கூடாது. அதற்காக நாசிக்கின் புகழ்பெற்ற மிசல் பாவை ஒரு கை பார்த்துவிட்டும் போகாதீர்கள். அந்தக் காரம் நாக்கை விட்டு இறங்க வெகுநேரம் ஆகும், அதன்மேல் ஒயின் பட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். அவல் போஹா, இட்லி, பிரெட் போன்ற சாதுவான உணவு போதும். மிசலை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது சென்ட், ஜவ்வாது பூச வேண்டாம். தலையில் மல்லிகைச் சரம் வேண்டாம். பாக்கு, புதினா மிட்டாய், கடைசி நேரக் காபி எதுவும் வேண்டாம். ஒயினில் பாதி மூக்கின் வேலை. பக்கத்தில் ஒருவர் மல்லிகை வைத்திருந்தால் அந்த மேசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் எல்லா ஒயினும் மல்லிகைதான்.

கொடிகளுக்கு நடுவே

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைத் தோட்டத்துக்குள் போயிருப்பவர்கள் இங்கே வந்ததும் திகைப்பார்கள். அங்கே தலைக்கு மேலே பந்தல், பந்தலிலிருந்து குலைகள் தொங்கும், கீழே நிழல். இங்கே ஒயின் ரகங்களை வேலிபோலக் கம்பி கட்டி நேர்க்கோட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். குலைகள் முழங்காலுக்குச் சற்று மேலே ஒரே மட்டத்தில் வரிசையாக இருக்கும். அதற்கு மேலே இலைகள் சுவர்போல எழுந்து நிற்கும். காற்று புகுந்து ஈரத்தை உலர்த்துவதற்கும், குலைக்கு வேண்டிய அளவு வெயில் படுவதற்கும் இந்த ஏற்பாடு. அடியில் சொட்டுநீர்க் குழாய் ஓடும். தண்ணீரை அளந்துதான் விடுவார்கள். தாராளமாக விட்டால் பழம் பருத்துச் சாறு நீர்த்துவிடும்.

பறிப்புக் காலத்தில் போனால் வழிகாட்டியிடம் அனுமதி கேட்டு, ஷிராஸ் என்ற சிவப்பு ரகத்தில் ஒரே ஒரு பழத்தைப் பறித்துப் பாருங்கள். மருந்து தெளித்திருக்கக்கூடும், கேட்காமல் வாயில் போட வேண்டாம். அளவில் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மேலே சாம்பல் பூத்தாற்போல ஒரு படலம், விரலால் தேய்த்தால் அடியில் கருநீலம். இரண்டு விரலுக்கு நடுவே பிதுக்குங்கள். வெளியே வரும் சாறு சிவப்பாக இருக்காது, நிறமே இல்லாததுபோல இருக்கும். சிவப்பு முழுக்கத் தோலில் இருக்கிறது. தோலை மட்டும் தனியே மெல்லுங்கள். ஈறெல்லாம் துவர்க்கும். பிறகு விதை. பச்சையாக இருந்தால் கசக்கும், பழுப்பேறி இருந்தால் கடித்ததும் கொட்டைபோல நொறுங்கும். பறிக்கும் நாளை முடிவு செய்ய ஆலைக்காரர்கள் சர்க்கரையைக் கருவியில் அளப்பதோடு இதையும்தான் மென்று பார்க்கிறார்கள். விரல் பிசுபிசுவென்று ஒட்டும். சாப்பிடும் திராட்சையைவிட இதில் இனிப்பு கூடுதல் என்று பலருக்கும் அங்கேதான் தெரியவரும்.

சிவப்பு ஒயினுக்கும் வெள்ளை ஒயினுக்கும் ரோஸேவுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஒரு பழத்தில் இருக்கிறது. தோலோடு ஊறினால் சிவப்பும் துவர்ப்பும் சேர்ந்து வரும். தோலை நீக்கிச் சாற்றை மட்டும் எடுத்தால் வெள்ளை. சில மணி நேரம் மட்டும் தோலோடு வைத்து எடுத்தால் ரோஸே.

எத்தனை மணிக்குப் பறிக்கிறார்கள் என்று கேளுங்கள். வெயில் ஏறுவதற்குள், விடியற்காலையில் என்பார்கள். சூடான பழம் கூடையிலேயே நொதிக்கத் தொடங்கிவிடும், வாசம் கெட்டுவிடும். கொடிகள் ஆலையின் சொந்தமா, ஒப்பந்த விவசாயிகளுடையதா என்றும் கேளுங்கள். நாசிக்கில் ஒயின் திராட்சையின் பெரும்பங்கு ஒப்பந்த விவசாயிகள் வளர்ப்பது. பாட்டிலில் பெயர் ஆலையுடையது, அந்தப் பழத்தை விளைவித்தவர் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் உழைப்பைப் பற்றி வழிகாட்டி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனால் நீங்களாகவே கேளுங்கள்.

காலால் திராட்சை மிதிக்கும் நிகழ்ச்சி பல இடங்களில் உண்டு. குழந்தைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். அந்தச் சாறு நீங்கள் குடிக்கும் ஒயினுக்குப் போவதில்லை.

ஆலைக்குள்

பழம் வந்ததும் காம்பு பிரிக்கும் இயந்திரம், அடுத்து பிழியும் இயந்திரம், அதன்பின் எஃகுத் தொட்டிகள். இதை வழிகாட்டிகள் நன்றாகவே சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல விரும்புவது ஒரே ஒரு காரியம். அனுமதி கேட்டு, நொதிப்பு நடக்கும் ஒரு வெள்ளை ஒயின் தொட்டியின்மேல் உள்ளங்கையை வையுங்கள். வெளிப்புறம் வியர்த்து நீர் முத்து முத்தாக நிற்கும், கை சில்லிடும். உள்ளே 12 முதல் 16 டிகிரியில் வைத்திருப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும்போது வெப்பம் கிளம்பும். அந்த வெப்பத்தில் பழவாசம் ஆவியாகிப் போகாமலிருக்கத் தொட்டியைச் சுற்றிக் குளிர்நீர் உறை ஓடுகிறது. இப்போது சிவப்பு ஒயின் தொட்டிக்கு நகர்ந்து அதே கையை வையுங்கள். கதகதப்பாக இருக்கும். தோலிலிருந்து நிறமும் துவர்ப்பும் இறங்க 25 முதல் 30 டிகிரி வரை விடுவார்கள். தோல்கள் மேலே மிதந்து தொப்பிபோலத் திரண்டுவிடும். அடியிலிருந்து சாற்றை இறைத்து அதன்மேல் ஊற்றி, நாளுக்குச் சில முறை நனைப்பார்கள். அந்த நேரம் அங்கே நிற்க வாய்த்தால் கூடம் முழுக்க பழமும் ஈஸ்டும் கலந்த மணம் தூக்கும். தொட்டியின் வாயில் குனிந்து முகர மட்டும் வேண்டாம். அங்கே கரியமில வாயு தேங்கியிருக்கும், மூச்சு அடைத்துவிடும்.

பீப்பாய் அறை குளிராக, மங்கலாக இருக்கும். ஓக் மரப் பீப்பாய் ஒன்றில் 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். மரம் வழியே மிக மெல்லக் காற்று புகுந்து துவர்ப்பை மழுங்கச் செய்கிறது, மரத்தின் மணமும் இறங்குகிறது. பீப்பாயில் கிடந்ததெல்லாம் உசத்தி என்று எண்ண வேண்டாம். சோவினியோன் பிளாங் போன்ற ரகங்களைப் பெரும்பாலும் எஃகுத் தொட்டியிலிருந்தே பாட்டிலுக்கு எடுக்கிறார்கள். திருகு மூடியும் அப்படித்தான். கார்க் இல்லாவிட்டால் மட்டம் என்ற எண்ணம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. சுலா தன் பாட்டில்களுக்குத் திருகு மூடி போட்டதற்கு நல்ல காரணம் உண்டு. கெட்ட கார்க் ஒன்று ஒரு பாட்டிலையே கெடுத்துவிடும், திருகு மூடியில் அந்த ஆபத்து இல்லை.

நுரை ஒயினுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. ஒயினைப் பாட்டிலில் அடைத்து, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மறுபடி நொதிக்க விடுவார்கள். உள்ளே ஏறும் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல 6 மடங்குவரை போகும். அந்தப் பாட்டிலின் கண்ணாடி ஏன் அவ்வளவு கனம் என்பதற்குக் காரணம் இது. பிறகு பாட்டிலை மெல்ல மெல்லத் தலைகீழாக்கி, கழுத்தில் சேர்ந்த வண்டலை உறைய வைத்து வெளியே தள்ளுவார்கள். இதைக் காட்டும் ஆலையானால் அவசரப்படாமல் நின்று பாருங்கள்.

டேஸ்டிங் மேசையில்

ஒரு ஒயினுக்கு 30 மில்லி வாக்கில் ஊற்றுவார்கள். ஆறு ஒயின் என்றால் 180 மில்லி. கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் அளவு தெரியாது, ஆனால் உணவகத்தில் கொடுக்கும் ஒரு கிளாஸைத் தாண்டிய அளவு அது. மேசையில் ஒரு வாளியோ ஜாடியோ இருக்கும். துப்புவதற்கும் மிச்சத்தைக் கொட்டுவதற்கும்தான் அது. பொது இடத்தில் துப்புவதா என்று நம்மவர்களுக்குக் கூச்சம் வரும். இங்கே அதுதான் முறை. வேலையாகச் சுவைக்கிறவர்கள் எல்லாருமே துப்புகிறார்கள். பிடிக்காததைக் கொட்டிவிடுவதும் மரியாதைக் குறைவு ஆகாது.

நுரை ஒயின், வெள்ளை, ரோஸே, சிவப்பு, கடைசியில் இனிப்பு ஒயின் என்ற வரிசையில் போங்கள். துவர்ப்பும் இனிப்பும் முன்னால் வந்துவிட்டால் மெல்லிய ஒயின்கள் தெரியாமல் போய்விடும்.

கோப்பையைக் காம்பில் பிடியுங்கள். உள்ளங்கையில் ஏந்தினால் ஒயின் சூடாகிவிடும். வெள்ளைத் தாளுக்கு முன்னால் சாய்த்து நிறம் பாருங்கள். ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள், பிறகு மேசையில் வைத்தபடியே வட்டமாகச் சுழற்றி மறுபடி முகருங்கள். இரண்டாவது முறை மணம் விரியும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வழிகாட்டி கூஸ்பெரி, பிளாக்கரன்ட் என்று அடுக்குவார். வாழ்நாளில் பார்த்திராத பழங்களின் பெயரைக் கேட்டதும் நமக்கு மூக்கு இல்லையோ என்ற தாழ்வு வந்துவிடும். அந்தப் பட்டியலை ஒதுக்கி வையுங்கள். மளிகைக் கடையிலும் சந்தையிலும் வளர்ந்த மூக்கு நம்முடையது. சோவினியோன் பிளாங்கில் கொய்யாவும் குடைமிளகாயும் அறுத்த புல்லும் கிடைக்கும். செனின் பிளாங்கில் அன்னாசி. ஷிராஸில் இடித்த மிளகு, நாவல்பழம். ஓக்கில் கிடந்ததில் லவங்கமும் வறுத்த தேங்காயும். உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றினால் அதையே சொல்லுங்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை யார்க் மாடியில் பக்கத்து மேசையில் கோவைப் பக்கத்துத் தம்பதி. கணவர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். “நீயும் மோந்து பாரேன்” என்று மனைவியிடம் கோப்பையை நீட்டினார். அந்த அம்மா முகர்ந்துவிட்டு, “என்னங்க, மழை பெஞ்ச மறுநாள் கொய்யாத் தோப்பு மாதிரி இருக்குது” என்றார். அன்று முழுக்க அந்த ஒயினைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்கவில்லை. குடிக்காதவர்களை இந்த மேசையிலிருந்து விலக்கி வைக்காதீர்கள். முகர்வதற்கு ஆல்கஹால் இறங்க வேண்டியதில்லை. கருவுற்றிருப்பவர்களும், மருந்து எடுத்துக்கொள்பவர்களும், குடிப்பதில்லை என்று முடிவு செய்தவர்களும் டூரில் ஒன்றையும் இழக்க மாட்டார்கள். வற்புறுத்துவது மட்டும் கூடாது. ஆளுக்கொரு கோப்பை வைத்துவிட்டு “கொஞ்சம் குடிச்சா என்ன?” என்று கேட்கும் ஆள் உங்கள் குழுவில் இருந்தால் அவரைத் தடுப்பது உங்கள் பொறுப்பு.

வாயில் வைத்ததும் உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் படர விடுங்கள். தாடையின் இரு பக்கமும் எச்சில் ஊறினால் புளிப்பு நன்றாக இருக்கிறது. ஈறு இறுகி உலர்ந்தால் துவர்ப்பு. தொண்டை சூடேறினால் ஆல்கஹால். துப்பியோ விழுங்கியோ முடித்தபின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். நல்ல ஒயினுக்கு அந்த நேரம் நீளும்.

ஈர அட்டைப்பெட்டி நாற்றமோ, நெயில் பாலீஷ் வாடையோ வந்தால் உங்கள் மூக்கைச் சந்தேகிக்காதீர்கள். “இந்த பாட்டில் எப்போது திறந்தது?” என்று தன்மையாகக் கேளுங்கள். நேற்றுத் திறந்ததாகவோ கார்க் கெட்டதாகவோ இருக்கலாம். புதிது திறந்து தருவார்கள். ஊற்றுகிற பையன்களிலும் பெண்களிலும் பலர் சுற்றுவட்டாரக் கிராமத்தவர்கள், பலருக்கும் இந்தி வரும். இந்தி தெரியாவிட்டால் எளிய ஆங்கிலத்தில் சமாளிக்கலாம். அவர்கள் வீட்டுக்கு எந்த பாட்டில் வாங்கிப் போவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு நல்ல ஒயின்கள் பல அந்தக் கேள்வியில்தான் கிடைத்தன.

வாங்குவதும் கொண்டுவருவதும்

டேஸ்டிங் முடிந்த சூட்டில் வாங்காதீர்கள். சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் கழித்து, நீங்கள் எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து வாங்குங்கள். உள்ளூர்த் திராட்சையில் செய்த ஒயினுக்கு மகாராஷ்டிரத்தில் வரி குறைவு என்பதால் மற்ற மாநிலங்களைவிட விலை இறங்கியிருக்கும். லேபிளில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். நாசிக்கின் வெள்ளையும் ரோஸேவும் ஓரிரு ஆண்டுக்குள் குடிக்க வேண்டியவை. பழையதாக இருந்தால் உயர்ந்தது என்ற கணக்கு இவற்றுக்குச் செல்லாது. நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு என்றால் லேசான இனிப்புள்ள செனின் பிளாங், ரீஸ்லிங் பக்கம் போங்கள். காரத்தை அது தணிக்கும். துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயின் மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் இரண்டும் எரியும்.

வேறு மாநிலத்துக்கு மது கொண்டுபோவதில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி. தமிழ்நாட்டின் கலால் விதியையும், வழியில் கடக்கும் மாநிலங்களின் விதியையும் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். குஜராத் வழியாகப் போகிறவர்கள் வாங்கவே வேண்டாம், அங்கே முழு மதுவிலக்கு. விமானத்தில் என்றால் பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் போட்டு ஒப்படைத்துவிடுங்கள், கைப்பையில் விட மாட்டார்கள்.

ஊர் வந்ததும் பாட்டிலைச் சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் சில வாரத்திலேயே வெந்ததுபோல ஆகிவிடும். பெட்டியோடு வீட்டின் குளிர்ந்த, இருட்டான மூலையில் வையுங்கள். அப்படி ஒரு மூலை இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு போதும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கச் சொல்வது குளிர்நாட்டு வழக்கம். சென்னை, மதுரையில் ஊற்றுவதற்கு முன் அதையும் 20 அல்லது 30 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். திறந்த பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் வெள்ளையும் சிவப்பும் மூன்று நாள் தாங்கும். நுரை ஒயினைத் திறந்த அன்றே முடித்துவிட வேண்டும். கொடியிலேயே அதிகம் பழுக்கவிட்டுப் பறித்துச் செய்த இனிப்பு ஒயின் ஒரு வாரம்வரைகூடத் தாங்கும். அதனால் வீட்டில் ஒருவர் மட்டும் எப்போதாவது ஒரு சின்னக் கோப்பை எடுப்பவரானால், வாங்க வேண்டியது அந்த இனிப்பு ஒயின்தான்.